ஷாக்கும் காந்தமும்

அரியர் லிஸ்ட் வந்த அன்னைக்கு ஹாஸ்டல் காரிடாரில் ஒருத்தன் சொன்னான்: "மச்சி, இவனுக்கு கரண்ட் ஷாக் குடுத்தாத்தான் சரிப்படும்." எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அப்புறம் பெரியம்மா ஞாபகம் வந்தது.

நான் பத்தாவது படிக்கும்போது, டிப்ரஷனில் அவங்க சாப்பிடுவதையே நிறுத்திட்டாங்க. மாத்திரைக்கு கேட்கலை. டாக்டர் இ.சி.டி. கொடுக்கலாம்னார். நாங்க சொந்தக்காரங்ககிட்ட "வயித்துல ஆபரேஷன்" என்று சொல்லி வைத்தோம். மூணாவது வாரம் அவங்களே காபி கேட்டாங்க.

சினிமாவில் நீங்க பார்த்திருப்பீங்க: கையைக் காலைக் கட்டி, அலற அலற கரண்ட் வைப்பாங்க. முழுப் பொய்னு சொல்ல மாட்டேன். 1938-ல் ரோம் நகரத்தில் செர்லெட்டியும் பினியும் ஆரம்பித்தபோது மயக்க மருந்து கிடையாது. இப்போ மயக்க மருந்தும், தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகுதான். இரண்டும் இல்லாமல் கொடுப்பதை நம்ம 2017 மனநலச் சட்டமே தடை செய்கிறது. சில விநாடி மின்சாரம், மூளையில் கொஞ்ச நேரம் ஒரு வலிப்பு. அந்த வலிப்புதான் சிகிச்சை. தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது.

நஷ்டமும் உண்டு, மறைக்கக் கூடாது. அந்த வருஷப் பொங்கல் பெரியம்மாவுக்கு இன்னும் ஞாபகம் இல்லை.

இதே நாம டி.எம்.எஸ். என்றால் வாயைப் பிளக்கிறோம்! தலைமேல் ஒரு காயில், மாறும் காந்தப்புலம், மூளைக்குள் தூண்டப்படும் மின்சாரம். செகண்ட் இயரில் மனப்பாடம் செய்த அதே ஃபாரடே விதி. 1985-ல் ஷெஃபீல்டில் பார்க்கர் குழு செய்து காட்டியது, 2008-ல் அமெரிக்காவில் டிப்ரஷனுக்கு அனுமதி. மயக்க மருந்து வேண்டாம், விழித்தே இருக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனா சாப்பாட்டையே விட்ட ஒருத்தருக்கு, சாகணும்னே இருக்கிற ஒருத்தருக்கு, இன்னைக்கும் வேகமாக வேலை செய்வது அந்தப் பழைய இ.சி.டி.தான். மெஷின் புதுசா இருந்தால் டெக்னாலஜி, பழசா இருந்தால் கொடுமையா? இன்ஜினியரிங் படிக்கிற நாமளே இப்படி யோசிச்சா எப்படி?

பெரியம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். "தாராளமா எழுது. கரண்ட் வெச்சது எனக்குக் கஷ்டமா இல்ல. வயித்துல ஆபரேஷன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, அதுதான்" என்றாங்க.