லேப்டாப் வாங்க அவசரம் வேண்டாம்

ஜூன், ஜூலை மாதங்கள் வந்துவிட்டால் நம் தில்லித் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "பிள்ளைக்கு இன்ஜினீயரிங் இடம் கிடைத்துவிட்டது. எந்த லேப்டாப் வாங்கலாம்?" கரோல்பாகிலும் மயூர் விகாரிலும் ஆர்.கே.புரத்திலும் என்னிடம் இதைக் கேட்டவர்கள் பலர். அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு மாடலின் பெயரை. நான் சொல்வதோ, "இப்போது வாங்காதீர்கள், பிள்ளை கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம் போகட்டும்" என்பதைத்தான். சிலருக்கு இது கருமித்தனமாகப் படுகிறது. ஆகவே காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இடம் கிடைத்த அன்று படிப்புப் பிரிவே பல வீடுகளில் உறுதியாவதில்லை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கான ஜோசா கலந்தாய்வு பல சுற்றுகளாக நடக்கிறது. முதல் சுற்றில் சிவில் கிடைத்தவருக்கு அடுத்த சுற்றில் எலக்ட்ரானிக்ஸ் கிடைக்கலாம். கல்லூரியும் ஊரும்கூட மாறலாம். பிரிவு மாறினால் தேவையும் மாறுகிறது. மெக்கானிக்கல் மாணவர்கள் பயன்படுத்தும் சாலிட்வொர்க்ஸ், சிவில் மாணவர்கள் பயன்படுத்தும் ரெவிட் இரண்டும் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. ஆப்பிள் நிறுவனம் 2020 முதல் தன் சொந்த சிப்பைப் பொருத்தி விற்கும் மேக்புக்குகளில் விண்டோஸை நேரடியாக நிறுவ வழியில்லை. ஆசையாக லட்ச ரூபாய் கொடுத்து அதை வாங்கித் தந்தால், அந்த மாணவர் மூன்றாம் ஆண்டில் நண்பனின் அறைக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். அதே மேக்புக் கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவருக்கு மிக நன்றாக உதவும்.

இரண்டாவது, முதலாண்டுப் பாடங்கள். எந்தப் பிரிவானாலும் கணிதம், இயற்பியல், வேதியியல், இன்ஜினீயரிங் டிராயிங், சி அல்லது பைதான் புரோகிராமிங் என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறது. இவற்றுக்குச் சாதாரணக் கருவியே போதும். கடைக்காரரோ, "இன்ஜினீயரிங்கா? கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் முடியாதே!" என்று கேமிங் லேப்டாப்பை எடுத்து வைக்கிறார். அது இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். அதன் சார்ஜரே அரை கிலோ இருக்கும். பிளக் இல்லாவிட்டால் அரை நாள்கூடத் தாங்காது. தினமும் ஹாஸ்டலுக்கும் வகுப்புக்கும் லேபுக்கும் தூக்கிச் செல்ல வேண்டிய பிள்ளைக்கு ஒன்றரைக் கிலோவுக்குள் இருப்பதே உத்தமம். முப்பரிமாண வடிவமைப்பிலோ செயற்கை அறிவிலோ தீவிரமாக இறங்குகிறவருக்குக் கிராபிக்ஸ் கார்டு தேவைதான். அந்தத் தேவை இரண்டாம், மூன்றாம் ஆண்டில் தெரியவரும். அதுவரை கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் எதற்கு இருக்கிறது?

மூன்றாவது, ரிப்பேர். நாம் இருப்பது தலைநகரில். பிள்ளைகள் போவது ஹமீர்பூருக்கும் சில்சாருக்கும் சூரத்கலுக்கும் வேலூருக்கும். நேரு பிளேஸில் ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தவர் அங்கே வந்து ஸ்க்ரீனை மாற்றித் தரமாட்டார். கல்லூரி இருக்கும் ஊரில் எந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இருக்கிறது, ஆள் நேரில் வந்து பார்க்கும் வாரண்டி உண்டா என்பதை அங்குள்ள சீனியர் மாணவர்கள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

வாங்கும்போது நான் பார்க்கச் சொல்வது மூன்றே விஷயங்கள். 16 ஜி.பி. ரேம் இருக்க வேண்டும். அல்லது 8 ஜி.பி. வாங்கினால் பின்னால் கூட்டிக்கொள்ள ஸ்லாட் இருக்க வேண்டும். போர்டோடு பற்றவைத்த ரேமைக் கூட்ட முடியாது. 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும். பழைய ஆபீஸ் லேப்டாப் வாங்குவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டபடியால், விண்டோஸ் 11 ஏற்கும் கருவிதானா என்று பாருங்கள். இன்டெல் ப்ராசஸரானால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம்.

"எல்லோரிடமும் இருக்கும்போது நம் பிள்ளை மட்டும் ஒரு மாதம் வெறுங்கையோடு இருப்பதா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சில துறைகளில் முதல் வாரத்திலேயே லேப்டாப் கேட்பதும் உண்டு. அப்படியானால் எளிமையான ஒன்றை உடனே வாங்கிவிடலாம். மற்றபடி அந்த மாதக் காத்திருப்பில் பிள்ளைக்குக் குறைவு வராது. கிரெடிட் கார்டில் வாங்கிவிட்டு இரண்டு வருஷம் தவணை கட்டும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். குறைவு அங்கேதான் வருகிறது. மெஸ் பில்லுக்குப் பணம் அனுப்பும்போது கை இழுக்கிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்புக்குத் தேவையான கம்ப்யூட்டரின் நியாயமான விலையும் செலவாக ஏற்கப்பட்டிருக்கிறது. கடன் வாங்குவதென்று ஆகிவிட்டால் அந்த விண்ணப்பத்திலேயே அதற்கொரு தொகையைச் சேர்த்துவிடுங்கள். வாங்குவது பிறகு இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. "இவ்வளவுதான் நம்மால் முடியும்" என்று தொகையைப் பெற்றோர் சொல்லட்டும். கருவியைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும். அந்தத் தொகை மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாக இருக்கட்டும். மகனுக்குக் கேட்டதெல்லாம் புதிதாக, மகளுக்கு அண்ணன் கழித்துப் போட்டது என்ற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் முழுவதும் போகவில்லை. இன்ஜினீயராகப் போகிறவர்கள் நாலு பேரைக் கேட்டு, விலையையும் உபயோகத்தையும் எடைபோட்டு ஒரு முடிவுக்கு வருவதும் படிப்பில் சேர்ந்ததுதான். அதை நாம் முந்திக்கொண்டு செய்துவிட வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.