ஐ.ஏ.எஸ். விளம்பரத்துக்கு அப்பால்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில், பொது நிர்வாகம் படிக்க ஆசைப்படும் பிள்ளை இருக்கும் வீட்டில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் எழும்: “எந்த காலேஜ்ல சேர்ந்தா கலெக்டர் ஆகலாம்?” கல்லூரிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் பி.ஏ. பொது நிர்வாகம் என்ற பெயரோடு குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சியையும் சேர்த்து விற்கிறார்கள். அந்த விளம்பரத்தை வைத்துக் கல்லூரியை முடிவு செய்யக் கூடாது என்பது என் கட்சி.

குடிமைப் பணித் தேர்வு எழுத ஏதேனும் ஒரு பட்டம் போதும். 2011-ல் முதல்நிலைத் தேர்விலிருந்து விருப்பப் பாடம் நீங்கியது. 2013-ல் முதன்மைத் தேர்வில் இரண்டாக இருந்த விருப்பப் பாடம் ஒன்றானது. பொது நிர்வாகத்தையே அந்த ஒன்றாக எடுத்தாலும் மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் அதன் பங்கு 500தான். ஆட்சி முறை, அறநெறி பற்றிய பொதுத் தாள்களில் இந்தப் படிப்பு கொஞ்சம் கைகொடுக்கும், உண்மை. அதற்காகக் கூடுதல் கட்டணம் வாங்கும் கல்லூரியில் சேர வேண்டுமா? பயிற்சி வேண்டுமென்றால் சென்னையில் தமிழக அரசே மையம் நடத்துகிறது. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் தேர்வு வைத்து உதவித்தொகையும் தருகிறார்கள். பட்டத்தைப் பட்டத்துக்காகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தப் பாடம் நமக்குப் புதிதும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1937-லேயே பொது நிர்வாகத்தில் பட்டயப் படிப்பு தொடங்கிவிட்டது. இதற்கெனத் தனித் துறை 1949-ல் நாகபுரியில் வந்தபோது, உள்ளாட்சியும் அதன் பெயரிலேயே இடம்பெற்றது. உள்ளாட்சியை, அதாவது மக்கள் அன்றாடம் போய் நிற்கும் அலுவலகத்தை, பாடத்தின் நடுவில் வைத்த காலம் அது. இன்று ஒரு கல்லூரியை எடைபோட எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோலும் அதுதான்: மூன்றாண்டில் மாணவர் எத்தனை அரசு அலுவலகங்களின் படியை மிதிக்கிறார்?

இதைத் தெரிந்துகொள்ளத் துறைக்குப் போய், இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட் இரண்டை வாங்கிப் புரட்டினால் போதும். முன்னுரை, நிர்வாகத்தின் பொருள், மேக்ஸ் வெபரின் கொள்கை, முடிவுரை என்று முப்பது பக்கம் ஓடினால் அது கடையில் அச்சடித்து ஸ்பைரல் போட்ட சரக்கு. மாறாக, முதியோர் ஓய்வூதிய மனு ஒன்றின் கூடவே நடந்த புராஜெக்ட் ஒன்று கையில் கிடைக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் எதை விசாரித்தார், வருவாய் ஆய்வாளரிடம் எத்தனை நாள் இருந்தது, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்ன காரணம் எழுதித் திருப்பினார், அந்தக் காரணம் மனு கொடுத்த பாட்டிக்குத் தெரிவிக்கப்பட்டதா என்று தேதிவாரியாக எழுதியிருந்தால், அங்கே யாரோ ஓர் ஆசிரியர் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார் என்று பொருள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஒரு கூட்டத்துக்காவது மாணவர்களை அனுப்பியிருக்கிறார்களா, தீர்மானப் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னார்களா என்று கேட்டாலும் துறையின் குணம் தெரிந்துவிடும்.

பாடத்திட்டத்தில் வரும் பிரெட் ரிக்ஸ், வளரும் நாடுகளின் அலுவலகங்களில் ஏட்டில் ஒரு விதியும் நடப்பில் வேறொன்றுமாக இருப்பதைத் தன் கோட்பாட்டின் மையத்தில் வைத்தார். தாய்லாந்தையும் பிலிப்பைன்ஸையும் பார்த்து எழுதியவர். நம் கல்லூரி விளம்பரக் கையேடுகளைப் பார்த்திருந்தால் இன்னோர் அத்தியாயம் சேர்த்திருப்பார்.

ஆசிரியர் விஷயத்துக்கு வருவோம். நாக் தரமதிப்பீடு கல்லூரி முழுமைக்கும் உரியது. ஏ பிளஸ் வாங்கிய கல்லூரியில் பொது நிர்வாகத் துறை மட்டும் ஒரே ஒரு கௌரவ விரிவுரையாளரை நம்பி ஓடக்கூடும். வரலாறு படித்தவர்கள் மாறி மாறி வகுப்பெடுப்பதும் உண்டு. அவர்கள் திறமையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வரவு செலவுத் திட்டத்தையும் தணிக்கை அறிக்கையையும் பிரித்துக் காட்ட, அதில் பழகியவர் வேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரி என்றாலும் இந்தப் பிரிவு சுயநிதியில் மாலை நேரத்தில் நடக்கிறதா என்று கேட்க வேண்டும். கட்டணமும் ஆசிரியர் நிலையும் அங்கே வேறு. தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டத்தைத் தானே எழுதிக்கொள்கிறது; அதில் தகவல் உரிமைச் சட்டமும் 73, 74-ஆம் அரசமைப்புத் திருத்தங்களும் தனித் தாளாக இருக்கின்றனவா, ஓர் அலகின் கடைசி வரியில் முடிகின்றனவா என்பதைப் பார்த்தாலே பாதி தெரியும். தலைநகரில் பயிற்சிப் பொட்டலத்தோடு வரும் இடத்தைவிட, கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்து போகும் தூரத்தில், இரண்டு நிரந்தர ஆசிரியர்கள் உள்ள மாவட்டத் தலைநகர் அரசுக் கல்லூரியையே நான் பரிந்துரைப்பேன்.

பயிற்றுமொழியைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் வந்த திருத்தத்தின்படி பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது. அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். குரூப் 4-க்குத் தகுதி பத்தாம் வகுப்பு, ஆகவே அங்கே பட்டத்தின் மொழி பொருட்டல்ல. பட்டம் கேட்கும் குரூப் 1-க்கு அதுவே பெரிய விஷயம். பள்ளி முழுக்கத் தமிழில் படித்துவிட்டு, ஆங்கிலவழிப் பிரிவுக்குத்தான் மதிப்பு என்று மாறும் மாணவர் கையிலிருக்கும் முன்னுரிமையைத் தானே விட்டுக்கொடுக்கிறார். மாறலாம், தெரிந்து மாற வேண்டும். தொலைநிலைக் கல்வியில் சேர்பவர், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். நிறுவனத்தின் புகழ் இதற்கு ஈடாகாது. அரசியல் அறிவியல் பட்டம் கேட்கும் வேலைக்குப் பொது நிர்வாகப் பட்டம் செல்லுமா என்பதற்கும் இணைத்தன்மை அரசாணையே பதில். சேர்க்கைக் கவுன்ட்டரில் சொல்லும் “அதெல்லாம் செல்லும்” பதிலாகாது.

இவ்வளவையும் பதினேழு வயதுப் பிள்ளையும் அப்பாவும் கல்லூரி கல்லூரியாக அலைந்து விசாரிக்க வேண்டியதில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளின் சேர்க்கை இணையவழியில்தான் நடக்கிறது. பாடப்பிரிவைத் தேர்வு செய்யும் அதே பக்கத்தில், அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், பயிற்றுமொழி எது, இணைத்தன்மை அரசாணை உண்டா என்ற மூன்றையும் உயர்கல்வித் துறை காட்டலாம். தனியார் கல்லூரிகளும் இவற்றை வெளியிட வேண்டுமென்று பல்கலைக்கழகங்கள் இணைப்பு விதியில் ஒரு வரி சேர்க்கலாம். நிர்வாகம் கற்றுத்தரும் துறைகளிடமிருந்தே இதைத் தொடங்குவதில் என்ன தயக்கம்?