இந்தூர் போகும் முன்னே நாமக்கல்லில் இறங்கிப் பாருங்க!

உள்ளாட்சி ஊழியர் பயிற்சி: பலன் யாருக்கு?

சேலம்:-

"சார் டிரெயினிங் போயிருக்கார், நாலு நாள் கழிச்சு வாங்க!"

மாநகராட்சி, நகராட்சி, யூனியன் ஆபீஸ் படி ஏறி இறங்குகிறவர்களுக்குப் பழகிப்போன பதில் இது.

பயிற்சிக்குப் போவது தப்பா? இல்லவே இல்லை. போகாமல் இருப்பதுதான் தப்பு. ஆனால் போனவர் எதைக் கற்றுக்கொண்டு வந்தார்? கவுண்டரில் கால் கடுக்க நிற்கிற ஆளுக்கு அதனால் என்ன மாறியது? வரி கட்டுகிறவன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஏன் என்றால், பயணப்படியும் சாப்பாட்டுச் செலவும் அவன் பணம்.

எங்கெங்கே பயிற்சி?

அரசு வேலைக்கு வரும் கிளார்க்குகளுக்கு பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி. நகராட்சி, மாநகராட்சிக்காரர்களுக்கு கோவையில் தமிழ்நாடு நகரியல் பயிற்சி நிலையம். பஞ்சாயத்து, யூனியன் ஆட்களுக்கு மறைமலைநகரில் ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிலையம். இது போதாது என்று வெளியூர் சுற்றுப்பயணங்கள் வேறு.

ஏற்பாடு இருக்கிறது. குறை அதில் இல்லை. யாரை அனுப்புகிறார்கள், திரும்பி வந்தவரை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் கோளாறு.

சட்டம் மாறிப்போச்சு!

2023 ஏப்ரல் 13-ந்தேதி முதல் தமிழ்நாட்டு மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம், ஒரே விதி. 1998-ல் போட்டு ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்த நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் அன்று முதல் அமலில் இருக்கிறது. பழைய பிரிவு எண், பழைய விதி எல்லாம் போச்சு.

சொத்து வரி, பெயர் மாற்றம், கட்டட அனுமதி, கடை லைசென்சு. அத்தனைக்கும் இனி புது விதிதான். இதைப் படிக்காத கிளார்க் என்ன செய்வார்? பயந்துகொண்டு பைலை அடியில் வைப்பார். இல்லாவிட்டால் "இன்னொரு ஜெராக்ஸ் கொண்டு வாங்க" என்பார். செவ்வாய்ப்பேட்டை வியாபாரி ஒரு பெயர் மாற்றத்துக்கு நாலு தடவை கடையைச் சாத்திவிட்டு ஓடினால், நாலு நாள் வியாபாரம் போச்சு. எல்லா இழுத்தடிப்பும் லஞ்சத்துக்காக அல்ல. விதி தெரியாததாலும் பைல் நிற்கும்!

உயிர் போகிற விஷயம்

கிளார்க்குக்குத் தெரியாவிட்டால் பைல் நிற்கும். சாக்கடையில் இறங்குகிறவருக்கும், அவரை இறக்குகிற மேஸ்திரிக்கும் தெரியாவிட்டால் மூச்சு நிற்கும்.

கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் பாதாள சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதும் அதன்படி குற்றம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை ரூ.30 லட்சமாக உயர்த்தியது.

தொட்டிக்குள் விஷவாயு இருந்தால் வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. முதல் ஆள் மயங்குவார். காப்பாற்றக் குதிக்கும் இரண்டாவது ஆளும் மயங்குவார். இது அரை நாளில் சொல்லிக் கொடுக்கக்கூடிய பாடம். ஆனால் ஏ.சி. ஹாலில் நாற்காலி யாருக்கு? அதிகாரிக்கு! ஒப்பந்தத் தொழிலாளியை யார் கூப்பிடுகிறார்கள்? பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டியது இவர்களிடம்தான்.

நம்ம நாமக்கல்!

குப்பை என்றாலே எல்லோரும் கை காட்டுவது மத்தியப் பிரதேசத்து இந்தூரை. நியாயம்தான். 2017 முதல் 2023 வரை நாட்டின் சுத்தமான நகரம் பட்டியலில் முதலிடம். 2023-ல் மட்டும் சூரத்தோடு பங்கு. வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வாங்குகிறார்கள். 2022-ல் தினம் 550 டன் ஈரக்குப்பையில் கேஸ் எடுக்கும் ஆலையையும் திறந்தார்கள். பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால் 2003 வாக்கில் "குப்பை இல்லா ஊர்" என்று பெயர் வாங்கியது எது தெரியுமா? நம்ம நாமக்கல்! வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்கி, மண்புழு உரம் போட்டு, சுற்றுச்சூழல் நிர்வாகத்துக்கு ஐ.எஸ்.ஓ. 14001 சான்றும் வாங்கிய நகராட்சி அது. 2011 கணக்குப்படி ஜனத்தொகை 55 ஆயிரம்தான். 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது.

சேலத்திலிருந்து 50 சொச்சம் கிலோ மீட்டர். காலை பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். அங்கே பார்க்க வேண்டியது அன்றைக்கு எப்படி ஜெயித்தார்கள் என்பது மட்டுமல்ல. அந்தப் பெயரில் இன்றைக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எது நின்றுபோனது, ஏன் நின்றுபோனது என்பதையும் விசாரிக்க வேண்டும். ஜெயித்த கதையை விட அதுதான் நல்ல பாடம்.

டிரான்ஸ்பர் ஆனால்...

ஒரு கமிஷனர் வருவார், வேலை நடக்கும். டிரான்ஸ்பர் ஆவார், வேலையும் கூடவே கிளம்பிவிடும். பயிற்சி பெற்ற சானிட்டரி இன்ஸ்பெக்டரை மறு மாதமே வேறு ஊருக்குத் தூக்கினால், படித்த படிப்பு யாருக்கு?

கிராமத்திலும் இதே கதைதான். சேலம், நாமக்கல் உள்பட பல மாவட்டங்களில் பஞ்சாயத்துத் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ந்தேதியோடு முடிந்தது. பொறுப்பு தனி அதிகாரிகள் கைக்குப் போனது. தலைவர் போனாலும் ஊராட்சி செயலர் இருப்பார். குடிதண்ணீர் மோட்டார், தெருவிளக்கு, வீட்டு வரி ரசீது எல்லாம் அவர் தலையில்தான். அப்படியானால் அவருக்கல்லவா பாடம் முழுசாகப் போய்ச் சேர வேண்டும்?

பக்கத்து கேரளாவைப் பாருங்கள். திருச்சூரில் 'கிலா' என்ற உள்ளாட்சிப் பயிற்சி நிலையம் 1990 முதல் நடக்கிறது. தேர்தல் முடிந்ததும் ஜெயித்த உறுப்பினர்களை உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். மெம்பருக்கும் விதி தெரியும், கிளார்க்குக்கும் தெரியும். ஒருவர் மற்றவரை ஏமாற்றுவது கஷ்டம்!

செய்ய வேண்டியது என்ன?

பெரிய செலவு வேண்டாம். நாலு காரியம் போதும்:-

1. பயிற்சிக்கு யார் போனார், எத்தனை நாள், என்ன செலவு என்று ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

2. போய் வந்தவர் ஒரு மாதத்துக்குள் தன் பிரிவு ஆட்களுக்கு அதே பாடத்தை நடத்த வேண்டும்.

3. ஒரு வருஷமாவது அவரை அதே சீட்டில் விடுங்கள்.

4. சாக்கடையிலும் குப்பையிலும் நிற்கிற தொழிலாளிக்கு முதல் நாற்காலி. அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது.

இதைச் செய்துவிட்டு இந்தூர் போங்கள், எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போங்கள். ஜனங்கள் டாட்டா காட்டி அனுப்புவார்கள். போகும்போது ஒன்றே ஒன்று: சீட்டுக்கு இன்னொரு ஆளைப் போட்டுவிட்டுப் போங்க, சார்!