கோழிக்குத்தான் கேட்காமல் ஊசி போடுவார்கள்

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே. அப்போது திருச்செங்கோடு பக்கம் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த என் அக்கா, மகனை ஒரு வாரம் அரசுப் பள்ளிக்கு அனுப்பவில்லை. எங்கள் அருந்ததியர் தெருவில் இன்னும் சிலரும் அனுப்பவில்லை. அந்த ஊசி போட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருந்தது.

விடுமுறைக்குப் போன நான் கத்தினேன். "படிக்காத சனம்" என்றும் சொல்லிவிட்டேன். அது யார் நம்மைப் பார்த்துச் சொல்லும் சொல் என்பது பிறகுதான் உறைத்தது. அக்கா கேட்டாள்: "ஏன்டா, இவனுக்குச் சின்னதுலயே அம்மை ஊசி போட்டாச்சு. மறுபடி எதுக்குன்னு யாராச்சும் சொன்னாங்களா? நாளைக்கு ஊசி, சாப்பிட்டு வரணும்னு பையங்கிட்ட சொல்லி உட்டாங்க. அவ்வளவுதான்."

அது மூடநம்பிக்கை அல்ல, அறிவியல் கேள்வி. பதிலும் இருக்கிறது. ஒரு தவணை போட்ட பிள்ளைகளிலும் சிலருக்கு எதிர்ப்பாற்றல் உருவாவதில்லை. ரூபெல்லாவுக்கோ அதுவரை அரசு அட்டவணையில் ஊசியே இல்லை. பிள்ளைக்கு வந்தால் லேசான காய்ச்சலோடு போகும் அந்த நோய், கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு வந்தால் சிசுவின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுக்கும். அதனால்தான் முன்பு போட்டவர், போடாதவர் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். பெற்றோர் கூட்டம் வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு. போனால் அன்றைய கூலி போச்சு. வதந்தி மட்டும் இரவு ஒன்பது மணிக்கு வீடு தேடி வந்து, அவள் மொழியில் பேசியது.

முகாம் மார்ச் வரை நீண்டது. பழி வாட்ஸ்அப் மேல் விழுந்தது. மரபு மருத்துவத்தின் பெயரால் அதே பொய்யைப் பரப்பிய, எனக்குத் தெரிந்த சில 'முற்போக்கு' நண்பர்களுக்கும் அதில் பங்கு உண்டு. சத்துக் குறைந்த பிள்ளையைத்தான் தட்டம்மை சீக்கிரம் கொல்லும். ஊசி வேண்டாம் என்ற பிரச்சாரத்தின் விலையை முதலில் கொடுப்பது சேரிப் பிள்ளைகள்தான்.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளில் அட்டவணைப்படி தடுப்பு மருந்து போடுவார்கள். கோழியிடம் யாரும் காரணம் சொல்வதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளையின் தாயை அந்தக் கணக்கில் சேர்த்தது யார்?

2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசியை ஓர் ஆய்வுத் திட்டத்தின் பெயரில் பழங்குடிச் சிறுமிகளுக்குப் போட்டார்கள். பல சம்மதப் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். சிறுமிகள் சிலர் இறந்ததற்கு ஊசி காரணமல்ல என்றே விசாரணைக் குழு கருதியது. ஆனாலும் 2010-இல் திட்டம் நின்றது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. நல்ல ஊசிதான். கேட்காமல் போட்டதால் அதன் பெயரும் கெட்டது. டெல்லியில் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். தகவல் சொல்லாமல், சம்மதம் வாங்காமல் பள்ளியில் ஊசி போடக்கூடாது என்று 2019 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. தறி ஓட்டுகிறவளுக்கு நீதிமன்றம் போக நேரம் ஏது? அவளால் முடிந்த ஒரே மறுப்பு, பிள்ளையை வீட்டில் நிறுத்துவது.

இப்போது அதே எச்பிவி ஊசி நமக்கும். 14 வயதுச் சிறுமிகளுக்குப் போட 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். வரவேற்கிறேன். தனியாரில் காசு கொடுத்துப் போட முடியாத வீடுகளுக்கு இது பெரிய காப்பு. ஆனால் பெண் பிள்ளை, கருப்பை என்ற இரண்டு சொல் போதும், வதந்தி மறுபடி கிளம்ப.

அதற்கு முன் அரசு பேச வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினரில் பாதி பெண்கள். நலிந்த பிரிவினருக்கும் உரிய இடம் உண்டு. அவர்களிடம் முதலில் விளக்குங்கள். கூட்டத்தை மாலையில், எங்கள் தெருவில் போடுங்கள். என்ன ஊசி, எதற்கு, காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்கிற தாயைத் திட்டாதீர்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. 2017-லேயே ஒரு நாள் இருட்டிய பிறகு கிராம சுகாதார செவிலியர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார், கொடுத்த தண்ணீரைக் குடித்தார், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். ஊர்த்தெரு அதிகாரிகள் எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்து அக்கா பார்த்ததில்லை. மறுநாள் மகனை அவளே கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டு வந்தாள்.