மாஸ்டர் கியூ ஏன் திரையில் பேசவேண்டும்?

ஹாங்காங் ஓவியர் அல்ஃபோன்சோ வோங் 1960களில் உருவாக்கிய ‘ஓல்ட் மாஸ்டர் கியூ’ சித்திரக்கதையை ரசிக்கச் சீனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒல்லி உடம்பில் நீண்ட அங்கி, பக்கத்தில் குட்டையான நண்பர் ‘பிக் பொட்டேட்டோ’. பெரும்பாலும் நான்கு அல்லது ஆறு கட்டங்கள். பல பக்கங்களில் வசனமே கிடையாது. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ முடிதிருத்தும் கடையில் ஒரு பழைய பிரதி கிடந்தால், எந்த இனத்தவரும் எடுத்துப் புரட்டிச் சிரிக்கலாம்.

திரைப்படத்தில் அந்த வசதி போய்விடுகிறது. 1981ல் முழுநீள அனிமேஷன் படமானபோது, நான்கு கட்டக் கேலியை ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீட்ட வேண்டியிருந்தது. புரூஸ் லீயின் உருவம்கூடத் துணைக்கு வந்தது! 2001ல் நடிகர்களோடு கணினி உருவங்களைக் கலந்து எடுத்த படத்திலோ, நிக்கோலஸ் ஸே - சிசிலியா சியுங் காதலுக்கு நடுவே மாஸ்டர் கியூ ஏறக்குறைய துணைப் பாத்திரமாகிவிட்டார்.

இரண்டு கட்டங்களுக்கு இடையே என்ன நடந்தது என்பதை வாசகரே ஊகிப்பதில்தான் பாதிச் சிரிப்பு இருக்கிறது. அனிமேஷன் அந்த இடைவெளியை அசைவால் நிரப்பிவிடுகிறது. வாய் திறந்ததும் அவர் ஒரு மொழிக்காரர் ஆகிவிடுகிறார். மற்றவர்கள் திரையின் அடியில் ஓடும் எழுத்தைத் துரத்த வேண்டும்.

இன்னொரு ஹாங்காங் படைப்பான ‘மெக்டல்’ பன்றிக்குட்டி எதிர்வழியில் போனது. 2001ல் வந்த படம் கேண்டனீஸ் பேச்சையே பலமாக்கி, சிறுசிறு நிகழ்வுகளாக நகர்ந்தது. 2003ல் பிரான்சின் ஆன்சி அனிமேஷன் விழாவில் உயரிய விருதையும் வென்றது. ஆனால் மெக்டலின் நகைச்சுவை பேச்சிலேயே பிறந்தது. மாஸ்டர் கியூவுடையது அப்படியல்ல. அவரை மீண்டும் திரைக்குக் கொண்டுவர நினைப்பவர்கள், வசனம் எழுத ஆள் தேடுமுன் பழைய தொகுப்புகளின் பேச்சில்லாத பக்கங்களைப் புரட்டலாம்.