இருபதாம் காதைக்குப் பிறகு

சக இதழ் ஒன்று ‘டார்க் வாட்டர்ஸ்’ படத்தைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டது. அதற்கு வந்த கடிதங்களை அடுத்த இதழில் பக்கம் பக்கமாகப் போட்டது. கட்டுரை, கடிதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிழிந்தால் இரண்டே முடிவுகள்தாம் தேறுகின்றன. ஒன்று, வீட்டில் இருக்கும் நான்ஸ்டிக் தவாவைத் தூக்கி எறிய வேண்டும். இரண்டு, பெருநிறுவனத்தை எதிர்த்துத் தனியாளாக நிற்கும் வழக்கறிஞர் ஒருவர் நமக்கு வாய்க்கவில்லை. அதனால்தான் நம் ஆறுகள் இந்தக் கதியில் கிடக்கின்றன. முதல் முடிவைப் பாத்திரக் கடைக்காரர்கள் கவனித்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் வியாபாரம் ஆக வேண்டும். இரண்டாவதை அப்படி விட முடியாது. அது பிழையான தகவல் என்பது ஒரு காரணம். பிழையாக இருந்தும் படித்தவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

படத்தைக் குறை சொல்வதற்கில்லை. 2019இல் வந்த அந்தப் படம் நடந்ததைப் பெரும்பாலும் நடந்தபடியே சொல்கிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் அருகே டூபாண்ட் ஆலை. நான்ஸ்டிக் பூச்சான டெஃப்லானின் தயாரிப்பில் 1951 முதல் பயன்பட்டுவந்த பிஎஃப்ஓஏ என்ற அமிலம் அங்கிருந்து குப்பைக்குழிக்குப் போகிறது, குழியிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து மாட்டுக்கு. இன்னொரு வழியாக ஊர்க் குடிநீருக்கும். வில்பர் டென்னண்ட் என்ற பண்ணைக்காரர் செத்துப்போன தன் மாடுகளை அறுத்து, கருத்துப்போன பற்களை வீடியோவில் பதிவுசெய்து வைத்துக்கொண்டு கேட்பாரில்லாமல் அலைந்தார். ராப் பிலாட் என்ற வழக்கறிஞர் பிறகுதான் வருகிறார். நிறுவனத்திடமிருந்து 1,10,000 பக்க ஆவணங்களைக் கேட்டு வாங்கித் தரையில் பரப்பி உட்கார்ந்து படிக்கிறார். ஏறத்தாழ 69,000 பேர் இரத்தம் கொடுத்துவிட்டு ஏழு ஆண்டுகள் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். 2017இல் 3,500க்கும் மேற்பட்ட வழக்குகளுக்குச் சேர்த்து 67 கோடி டாலரில் சமரசம் ஆகிறது. இந்தச் சங்கிலியில் தவா எங்கே வருகிறது? கடைசிக் கண்ணியாக, எல்லாவற்றிலும் பலவீனமான கண்ணியாக. அங்கே மனிதர்களைச் சாய்த்தது தோசை சுட்ட சட்டி இல்லை, ஆலையை ஒட்டிய ஊர்களின் தண்ணீர். ஆனால் தண்ணீரை மாற்ற முடியாதவன் சட்டியை மாற்றுகிறான். ஊரின் நோயை வீட்டின் கொள்முதல் பட்டியலாகச் சுருக்கிக்கொண்டு, இரும்புத் தோசைக்கல் வாங்கிய நிம்மதியில் தூங்கிவிடுகிறான். முதல் சாட்சியான டென்னண்டின் பெயர் அத்தனை கடிதங்களில் ஒன்றில்கூட இல்லை.

இனி அந்த ‘வாய்க்காத வழக்கறிஞர்’ விவகாரத்துக்கு வருவோம். வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கு. 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பு. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் எழுதியது அந்தத் தீர்ப்பில்தான். இன்றைக்கும் சட்டக் கல்லூரி மாணவர்கள் அதைப் படிக்காமல் தேர்வெழுத முடியாது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற கணக்கு அதில் இருக்கிறது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கும் இருக்கிறது. இதற்கும் பத்தாண்டு முன்பே, 1986இல், டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் அபாயத் தொழில் நடத்துபவரின் பொறுப்புக்கு விதிவிலக்கே இல்லை என்று சொல்லியாயிற்று. ஆங்கிலேயரிடமிருந்து வாங்கிய பழைய விதியைவிட அது கடுமையானது. ஆக, நமக்கு வழக்கறிஞர்கள் வாய்த்தார்கள், நீதிபதிகளும் வாய்த்தார்கள், சட்டமும் வாய்த்தது. நாம் வழக்கை வென்றோம். இதைச் சொன்னால் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். தோற்ற கதைக்குத்தான் அவர்கள் அழத் தயாராக வந்திருக்கிறார்கள்.

வென்ற பிறகு என்ன ஆயிற்று என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் என்றது தீர்ப்பு. இழப்பைக் கணக்கிட்டு ஈடு வழங்கத் தனி ஆணையம் அமைந்தது. ஆணையம் 2001இல் வேலூர்ப் பகுதியில் பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர் என்று கண்டு, அவர்களுக்கு 26.82 கோடி ரூபாய் நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஆலைக்கு விதித்த அபராதத்தைவிட நிலம் செத்தவனுக்குக் கிடைக்க வேண்டிய சராசரி குறைவு. அதுவும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. ஈட்டுத்தொகை கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசு கொடுக்க வேண்டும், ஆலைகளிடமிருந்து அதை வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு வேண்டும், வழக்கை முடித்துவைக்காமல் தொடர்ந்து கண்காணிப்போம் என்றது. மனுவுக்கும் இதற்கும் நடுவில் முப்பத்து நான்கு ஆண்டுகள். வழக்குப் போட்ட வருடம் பிறந்த குழந்தைக்கு இதற்குள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கலாம்.

நொய்யல் ஆறும் இதே பாடம்தான். ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் பாசனத்துக்காகத் திறந்தார்கள். பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாயும் என்பது திட்டம். வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயத்தண்ணீர். அணை கேட்டுப் போராடிய கொங்கு விவசாயி, எங்கள் வாய்க்காலில் அந்தத் தண்ணீரை விடாதீர்கள் என்று நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. தண்ணீர் வேண்டாம் என்று உழவன் சொன்ன அந்த நாளைப் பற்றி நம் நாவல்கள் இன்னும் தாராளமாக எழுதியிருக்கலாம். ஆயக்கட்டுக்காரர்களின் சங்கம் நடத்திய வழக்கில் 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இரண்டையும் மதிக்காததால் அவமதிப்பு வழக்கு வந்து, 2011 ஜனவரி 28இல் சாயப்பட்டறைகளை மூடு, மின்சாரத்தைத் துண்டி என்ற உத்தரவு வந்தது. அதற்குப் பின்தான் ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு நடைமுறைக்கு வந்தது. ஆற்றுக்குப் போகாத அந்த அழுக்கு இப்போது ஆவியாக்கிய பிறகு மிஞ்சும் கலப்பு உப்பாக, எடுத்துப்போக ஆளில்லாமல் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. துணிக்கு நிறம் வேண்டும் என்கிற வரைக்கும் சாயத்தொட்டி ஏதோ ஓர் ஊரில் இருக்கத்தான் செய்யும்.

அந்த ‘ஏதோ ஓர் ஊர்’ எது என்று சேலம், நாமக்கல் சமவெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் அனுமதியில்லாத சாயப்பட்டறைகளை ஜேசிபி வைத்து இடிப்பது நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் பருவமழை மாதிரி வந்து போகிற செய்தி. இடித்ததையே மறுபடி இடிக்கிறார்கள். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி, சேலம் நகருக்குள் நுழைந்து, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் சேர்கிறது திருமணிமுத்தாறு. நல்ல மழை பெய்த மறுநாள் அதன் தடுப்பணைகளில் பஞ்சுப்பொதி போல நுரை திரண்டு, காற்றடித்தால் கரையேறி வயலுக்குள் உருள்கிறது. அந்த நுரை யாருடையது? நகரத்துச் சாக்கடை, சாயத்தண்ணீர், கிழங்கு அரைக்கும் சேகோ ஆலைகளின் புளித்த கழிவு, குளியலறைச் சோப்பு எல்லாம் அதில் உண்டு. படத்துக்கு ஒரு வில்லன் போதும். இங்கே வில்லனின் முகவரி கேட்டால் ஒரு தெருவையே காட்ட வேண்டியிருக்கிறது, அந்தத் தெருவில் மாமனும் மச்சானும் பங்காளியும் குடியிருக்கிறார்கள். வேலூர் வழக்கிலேயே எதிர்த்தரப்பு ஓர் ஆலை இல்லை, ஐந்து மாவட்டங்களில் பரவிய சுமார் 900 தோல் ஆலைகள். மேட்டூரில் அணை வந்து (1934) இரண்டாண்டில் இரசாயன ஆலையும் வந்துவிட்டது, பெருந்தொழில் நமக்குப் புதிதில்லை. ஆனால் அது விரலால் சுட்டிக்காட்டுவதற்கு எளிது. தொழிலைப் பொடிப்பொடியாக உடைத்துக் கைமாற்றிவிட்டு, துணியை மட்டும் வெள்ளையும் சொள்ளையுமாக வாங்கிக்கொள்ளும் ஏற்றுமதிச் சங்கிலியைச் சுட்ட எந்த விரலும் எட்டவில்லை.

இங்கே ஒரு பழைய மோகத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். தமிழனுக்கு நீதிமன்றக் காட்சி மேல் உள்ள ஆசை நேற்று வந்ததில்லை. டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர் இந்தச் சேலம். வசனத்தால் அநியாயத்தைச் சாய்க்கலாம் என்ற நம்பிக்கை 1952இன் ‘பராசக்தி’க் கூண்டில் உச்சத்துக்குப் போனது. அதற்கும் வெகு முன்னால் சிலம்பு. வழக்குரை காதை, மொத்தம் முப்பது காதைகளில் இருபதாவது. சான்று மேசைக்கு வருகிறது, பரல் மாணிக்கம் என்று தெரிகிறது, அரசன் அங்கேயே விழுந்து சாகிறான். பட்டிமன்றமும் நாடகமும் பாடப்புத்தகமும் பெரும்பாலும் அந்த இடத்தில் கைதட்டி எழுந்துவிடுகின்றன. இளங்கோ எழவில்லை. அவருக்கு இன்னும் பத்துக் காதைகள் பாக்கி இருந்தன. தீர்ப்புக்குப் பின் ஊர் எரிகிறது, மலைக்குறவர் சாட்சியாகிறார்கள், கல்லுக்காக இமயம் வரை படை போகிறது. இடையில் இன்னொன்றும் நடக்கிறது, அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. கொற்கையிலிருந்து வந்த வெற்றிவேற் செழியன், பரிகாரம் என்று ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுக்கிறான். பொய் சொன்னவன் ஒருவன், தலை போனது ஆயிரம் பேருக்கு. பசுவையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடு என்று சொல்லித்தான் கண்ணகி தீயை ஏவினாள். அவள் தீ ஆள் பார்த்துச் சுட்டது. செழியனின் வாள் தொழில் பார்த்து வெட்டியது. கொலுசு செய்து வயிறு வளர்க்கும் ஊரில் இருந்துகொண்டு இதை எளிதில் கடந்துபோக முடியவில்லை. தகரக் கொட்டகையை இடித்துவிட்டு மாசு ஒழிந்தது என்று படம் எடுத்துக்கொள்கிற ஒவ்வொரு முறையும் நாம் செழியன் கட்சியில் நிற்கிறோம். இடிந்த கொட்டகையில் கூலி இழந்தவன் பொற்கொல்லன் வரிசை, ஆர்டர் கொடுத்தவன் எந்த வரிசையிலும் இல்லை.

மறுப்புகள் தெரியும். படம் பார்த்து நாலு பேர் கொதித்தால் அதுவும் விழிப்புணர்வுதானே என்பார்கள். கொதிப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? அது எங்கே வடிகிறது என்பதுதான் கேள்வி. அரங்கத்தில் உணர்ச்சி வடிந்து மனம் சுத்தமாவதைப் பற்றிக் கிரேக்கனும் எழுதினான், அப்படி வடியவிடாதே என்று பின்னால் ஒரு ஜெர்மானியனும் எழுதினான். இரண்டையும் நம் சிற்றிதழ்கள் எண்பதுகளில் மாறி மாறி மொழிபெயர்த்திருக்கின்றன. இன்னொரு மறுப்பு, அமெரிக்காவில் கிடைத்த இழப்பீடு இங்கே கிடைக்குமா என்பது. கிடைக்கவில்லை, சரி. போபாலுக்கு 1989இல் பேசி முடித்தது 47 கோடி டாலர், லட்சக்கணக்கானோருக்குச் சேர்த்து. பார்க்கர்ஸ்பர்க்கின் மூவாயிரத்து ஐந்நூறு சொச்சம் பேருக்கு 67 கோடி. இந்த வித்தியாசத்தை ஒரு தனி வழக்கறிஞரின் வீரத்தால் விளக்க முடியாது. பாதிக்கப்பட்டவனின் இரத்தத்தைப் பரிசோதித்து ஏழாண்டு ஆராயும் ஏற்பாடும், நிறுவனத்தின் கோப்பறையைத் திறக்கவைக்கும் நடைமுறையும் சேர்ந்து செய்த வேலை அது. கட்டுரையாளர் ஏங்கியிருக்க வேண்டியது அவற்றுக்காக. ஏங்கியதோ நாயகனுக்காக.

ஆசிரியன் செத்துவிட்டான் என்று ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் அறிவித்த தலைமுறை இது. நாயகனையும் கூடவே புதைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு ஹாலிவுட் படம் போதுமானதாக இருந்திருக்கிறது, அவன் கறுப்புக் கோட்டோடு எழுந்து வர. அவன் வரமாட்டானா என்று ஏங்குவதில் ஒரு வசதி இருக்கிறது: வராத வரை நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வந்துவிட்டான், வழக்கை ஜெயித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான் என்றால், மிச்சமிருக்கும் பத்துக் காதையும் நம் தலையில் விழும். ஈட்டுத்தொகைப் பட்டியலில் பெயர் சரிபார்ப்பது, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவது, மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நடப்பது, கிணற்றுத் தண்ணீரின் உப்பை வருடா வருடம் அளந்து எழுதிவைப்பது. இதில் எதற்கும் பின்னணி இசை கிடையாது. நொய்யல் வழக்கை நடத்திய சங்கத்தாரில் ஒருவர் பெயராவது அந்தக் கடிதக்காரர்களுக்குத் தெரியுமா?

படம் ஓடுவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். வேலூர்த் தீர்ப்பைப் படிக்க அதில் பாதி நேரம் போதும். அடுத்த இதழுக்குத் திரைக்கட்டுரை எழுதி வைத்திருப்பவர்கள் அதை வேறு இதழுக்கு அனுப்பிக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது ஒரு கிணறு. எந்த ஊர், எந்த வருடம் வரை குடித்தார்கள், எப்போது மாட்டுக்கு மட்டும் என்று ஆனது, எப்போது மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று தேதி போட்டு எழுதி அனுப்புங்கள். தோசை எந்தக் கல்லில் சுட்டாலும் சரி.