ரவுண்டானாவும் ஒரு பழிச்சொல்லும்

ரவுண்டானாவில் வண்டிகள் சிக்கிக்கொண்டதும் நாம் எடுத்து வீசும் சொல் ஒன்று உண்டு: ‘நம்மவர்களுக்கு ஒழுங்கு கிடையாது.’ படித்தவர்கள் இதையே சற்று நயமாகச் சொல்கிறோம், அவ்வளவே. ஒழுங்கீனமே இல்லையென்று நாம் வாதிடவில்லை. வட்டத்தில் எதிர்த்திசையில் வரும் ஆட்டோவை நாமும் கண்டு ஒதுங்கியிருக்கிறோம். ஆனால் பழி அங்கேயே முடிந்துவிடுவதைத்தான் ஏற்க இயலவில்லை.

ஒழுங்குக்குப் பேர்போன பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கும் 1966 வரை வட்டத்தில் யாருக்கு முன்னுரிமை என்பது தெளிவாக இல்லை. நுழைகிறவை நுழைந்துகொண்டேயிருக்க, சுற்றுகிறவை வெளியேற வழியின்றி வட்டமே பூட்டிக்கொள்ளும். அவ்வாண்டு நவம்பரில் ஒரு விதி வந்தது: நுழைபவர், வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். பூட்டுத் திறந்தது. மக்கள் அதே மக்கள்தாம். அவ்விதியின் பலத்தில் 1972இல் சுவிண்டன் நகரில் ஒரு நடுவட்டத்தைச் சுற்றி ஐந்து சிறுவட்டங்களைக் கோத்தார்கள். கேட்கும்போதே தலை சுற்றுகிறது. ஆயினும் ஓட்டுநர் அங்கே முழுப் புதிரையும் அவிழ்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நுழைவிலும் தரையிலுள்ள கோட்டைக் கண்டு, வலப்புறம் பார்த்து வழிவிட்டால் போதும்.

வலப்புறம் வருவோருக்கு வழிவிடச் சொல்லும் விதி நம் நாட்டிலும் 1989இலேயே எழுதப்பட்டுவிட்டது. அதைத் தரையில் எழுதத்தான் ஆளில்லை. கோடு தேய்ந்து, தலைகீழ் முக்கோணப் பலகை காணாமற்போய், நுழைவுப்பாதை வளைவே இன்றி நேராக ஓடும் இடத்தில், ‘வேகத்தைக் குறை’ என்று ஓட்டுநரிடம் எது சொல்லும்? வெளியேறும் வாயிலிலேயே பேருந்து நிறுத்தம் வேறு. நிற்கும் பேருந்தின் வால் வட்டத்துக்குள் கிடக்கிறது. நடுத்திட்டில் மட்டும் நீரூற்றும் திறப்புவிழாக் கல்வெட்டும் குறைவின்றி உள்ளன. இத்தனைக்கும் விலை கொடுப்பது பெரும்பாலும் இருசக்கர வண்டிக்காரரின் எலும்பு. உரிமம் தருமுன் அவரை ‘எட்டு’ போடச் சொல்கிறோம். பூச்சியத்துக்குள் நுழையச் சொல்லித்தருவதில்லை.

சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்த வட்டவடிவக் காவல்நிலையமான ‘ரவுண்ட் டாணா’விலிருந்தே ‘ரவுண்டானா’ பிறந்தது என்பர். சொல்லாராய்ச்சியாளர் தீர்ப்பு எதுவாயினும் பொருத்தம் அபாரம்: காவலரின்றி இயங்கவென்றே உண்டான அமைப்பு, இங்கே காவலரின் விசிலின்றி நகர்வதில்லை. அவர் சாப்பிடப் போன அரைமணி நேரத்தில் அங்கு நிகழ்வதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்தான் ஒழுங்கீனம்.

அடுத்த அபராதச் சீட்டை எழுதுமுன், அச்சந்திப்பை வரைந்த பொறியாளர் ஒருமுறை மாலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரில் அதனுள் நுழைந்து வெளியேறிக் காட்டட்டும்.